ஈரக் கையை மறைக்கும் பிள்ளைகள்

(பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டம் ஒன்றில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சில வருடங்களுக்கு முன் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தியை அவளுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். முகத்தில் பரு. அம்மாதான் பேசினார்; பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களிம்பு எழுதிச் சீட்டை நீட்டினேன். வாங்குவதற்கு முன் வலது கையைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். துடைத்த கையால்தான் வாங்கினாள். அப்படியும் சீட்டின் ஓரம் நனைந்து மை கலங்கியது.

"கை எப்பவும் இப்படித்தான் இருக்குமாம்மா?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "அது சூட்டு உடம்பு டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான்" என்றார் அம்மா. அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினேன். மூன்று வருடமாக இதைச் சொல்லத்தான் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். கை வேர்க்கிறது என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்ற கூச்சம். பரு ஒரு சாக்காகக் கிடைத்தது. வந்த பிறகும் அவளால் சொல்ல முடியவில்லை. என் கண்ணில் படாமல் போயிருந்தால் களிம்போடு திரும்பிப் போயிருப்பாள்.

அப்படித் திரும்பிப் போன ஒருவனை எனக்குத் தெரியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தனியாக வந்து, "கை ரொம்ப வேர்க்குது டாக்டர்" என்றான். வெளியே நல்ல கூட்டம். "டென்ஷன்தான் தம்பி, பரீட்சை முடிஞ்சா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "சரி டாக்டர்" என்று போனான். மறுபடி வரவேயில்லை. எவ்வளவு துணிச்சலைச் சேர்த்துக்கொண்டு அந்த வாசலை மிதித்திருப்பான் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அவனிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் உடம்பில் 20 முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. மிக நெருக்கமாக இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். வெயிலில் உடம்பு சூடேறும்போது மூளை நரம்பு வழியாகச் சுரப்பிகளுக்கு உத்தரவு அனுப்புகிறது. வியர்வை வந்து, காய்ந்து, உடம்பைக் குளிர்விக்கிறது. சில பிள்ளைகளுக்குச் சூடு ஏறாதபோதும் அந்த உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். மார்கழிக் குளிரிலும் பேனா வழுக்கும். சுரப்பிகளை எடுத்துச் சோதித்தால் எண்ணிக்கையிலும் அளவிலும் எல்லோரையும் போலத்தான் இருக்கும். அவற்றை ஏவும் நரம்புதான் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. மருத்துவத்தில் இதை ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்கிறோம். தமிழில் மிகை வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், முகம் ஆகிய இடங்களில் வரும். கையும் காலும் சிறு வயதிலேயே ஆரம்பிக்கும். அக்குள் பெரும்பாலும் வயதுக்கு வரும் பருவத்தில்.

இதை அடையாளம் காண்பது சிரமமில்லை. வேறு காரணம் எதுவும் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேலாக இருக்கிறதா? இரண்டு கையிலும் ஒரே மாதிரி வேர்க்கிறதா? 25 வயதுக்குள் தொடங்கியதா? வாரத்துக்கு ஒரு தடவையாவது வருகிறதா? அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா? வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா? தூங்கும்போது நின்றுவிடுகிறதா? கடைசிக் கேள்விக்கு வீட்டிலேயே விடை கண்டுபிடிக்கலாம். பிள்ளை அயர்ந்து தூங்கும்போது கையைத் தொட்டுப் பாருங்கள். பகலெல்லாம் சொட்டிய கை அப்போது காய்ந்திருக்கும்.

எத்தனை பேருக்கு இருக்கும் என்று கேட்பீர்கள். 2016-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு அந்நாட்டு மக்களில் 4.8 சதவீதம் பேருக்கு என்றது. நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேர். அவர்களில் சுமார் பாதிப் பேர்தான் மருத்துவரிடம் வாயைத் திறந்திருக்கிறார்கள். மற்றவர்கள் சொல்லாததற்கு முக்கியமான காரணம், இது ஒரு நோய் என்றோ இதற்கு மருத்துவம் உண்டு என்றோ அவர்கள் நினைக்கவில்லை என்பது. வசதிகள் நிறைந்த ஒரு நாட்டின் கதையே இது. பதினைந்து வயதுப் பிள்ளை, எல்லாவற்றுக்கும் அப்பா அம்மா கையை எதிர்பார்க்கிற பிள்ளை, தானாக எப்படிப் போகும்?

அந்தப் பிள்ளையின் ஒரு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையில் சைக்கிள் ஹேண்டில்பாரில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கிளம்புகிறான். வகுப்பில் நோட்டுத் தாள் கையில் ஒட்டிக்கொள்கிறது. தேர்வில் விடைத்தாளின் மேல்பாதியில் எழுதியது கீழ்ப்பாதி எழுதுவதற்குள் கலங்கிவிடுகிறது. கைக்கு அடியில் கைக்குட்டையை நகர்த்தி நகர்த்தி எழுதுவதால் பத்து நிமிடம் போகிறது. வெளிர்நீலச் சீருடைச் சட்டையில் அக்குள் ஈரம் தெரியும் என்பதால் விடை தெரிந்தும் கையைத் தூக்குவதில்லை. அவனுக்குப் பதில் தெரியவில்லை என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். விரல்ரேகை வைக்கச் சொல்லும் இடங்களில் கருவி அவன் விரலை ஏற்றுக்கொள்வதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. கல்யாண வீட்டில் ஒருத்தி மருதாணி வைக்கக் கையை நீட்டச் சொன்னால், எனக்குப் பிடிக்காது என்று பொய் சொல்கிறாள். நாலு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டு, தோல் நமுத்துப் போகிறது என்று நிறுத்திவிட்ட ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அவனுக்கு ஆர்வம் குறைந்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் அந்தப் பிள்ளைகள் தங்கள் குணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நாம் கொடுக்கிற பெயர்கள் அப்படி.

முதல் பெயர், சூட்டு உடம்பு. எண்ணெய் தேய்த்துக் குளி, மோர் குடி, இளநீர் குடி என்போம். இவை எதுவும் கெடுதல் இல்லை. ஆனால் இந்த வியர்வை சூட்டால் வருவதே இல்லை. சூட்டு உடம்பு என்று சொன்ன நிமிடத்தில் டாக்டரிடம் போகும் வழி அடைபட்டுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவது, பயந்தாங்கொள்ளி. பதற்றத்தில் கை வேர்ப்பது எல்லோருக்கும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கோ வீட்டில் படம் பார்க்கும்போதும் வேர்க்கிறது. பல வருடம் இப்படி இருந்தபின், யாராவது கையைத் தொட்டுவிடுவார்களோ என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் வேர்வையை இன்னும் கூட்டுகிறது. முதலில் வந்தது வேர்வை. பயம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மூன்றாவதைப் பற்றிப் பேச இந்த அவை கூச்சப்படலாம். பேசாமல் விட எனக்கு மனமில்லை. பேருந்து நிலையச் சுவர்களிலும் கழிப்பறைக் கதவுகளிலும் நரம்புத் தளர்ச்சி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். கை நடுக்கம், உள்ளங்கை வியர்வை என்று அறிகுறிகளை அடுக்கி, இளமையில் செய்த தவறு காரணம் என்று எழுதி, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்று போட்டிருக்கும். பதினாறு வயதுப் பையன் அதைப் படிக்கிறான். சுயஇன்பத்தால்தான் கை வேர்க்கிறது என்று முடிவுக்கு வருகிறான். இதை அவன் அப்பாவிடம் சொல்வானா, டீச்சரிடம் கேட்பானா? தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்துவைத்து லாட்ஜுக்குப் போய், லேகியம் வாங்கி, பள்ளிப் பைக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட்டவனை நான் பார்த்திருக்கிறேன். பின்வரிசையில் இருக்கும் தம்பிகளுக்குத் தெளிவாகச் சொல்கிறேன்: சுயஇன்பத்துக்கும் உள்ளங்கை வியர்வைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நரம்புத் தளர்ச்சியைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது.

சரி, வீட்டில் பேச்சை எப்படி ஆரம்பிப்பது? சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். சித்தி, மாமா இருக்கும்போது வேண்டவே வேண்டாம். வண்டியில் இருவர் மட்டும் போகும்போது, துணி மடிக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காத ஒரு வேளையில் சொல்லுங்கள்: "உனக்குக் கை வேர்க்குறதை நான் பார்த்திருக்கேன். அதுக்கு வைத்தியம் இருக்காம். உனக்கு இஷ்டம்னா டாக்டரைப் பார்க்கலாம்." இவ்வளவு போதும். பிள்ளை "ஒண்ணுமில்லை" என்று வெடுக்கென்று சொல்லும். விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அதுவாகவே வந்து "எந்த டாக்டர்?" என்று கேட்பதைப் பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எவ்வளவு தொந்தரவு என்பதை அளக்க நாங்கள் ஒரு நாலுபடிக் கேள்வி வைத்திருக்கிறோம். வேர்வை என் கவனத்துக்கே வருவதில்லை, வேலைக்கும் தடையில்லை என்றால் ஒன்று. பொறுத்துக்கொள்ளலாம், சில சமயம் தடையாகிறது என்றால் இரண்டு. பொறுப்பது கஷ்டம், அடிக்கடி தடை என்றால் மூன்று. பொறுக்கவே முடியவில்லை, எப்போதும் தடை என்றால் நான்கு. மூன்றும் நான்கும் கடுமையான நிலை. எண்ணைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அம்மா "இரண்டுதான் டாக்டர்" என்பார். பிள்ளை நாலு விரலைக் காட்டும்.

பார்க்க வேண்டியது தோல் மருத்துவரை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். போவதற்கு முன் இரண்டு வாரம் பிள்ளையை ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: எப்போது வேர்த்தது, எத்தனை கைக்குட்டை, எதைச் செய்ய முடியாமல் போனது. நனைந்த நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைக்கட்டும். டாக்டர் முன்னால் போய் உட்காரும் நேரம் பார்த்துக் கை காய்ந்திருந்தாலும் அந்தப் படம் பேசும். வாய் வராத பிள்ளை எழுதியதை நீட்டினால் போதும். பத்து நிமிடமாவது பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள். அன்று நான் செய்ததுபோல அவசரத்தில் "டென்ஷன்" என்று சொல்லி யாரேனும் அனுப்பினால், தயவுசெய்து இன்னொரு டாக்டரிடம் போங்கள்.

நாங்கள் முதலில் பார்ப்பது வேறு நோய் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்பதைத்தான். ராத்திரி தூக்கத்தில் பாய், தலையணை நனைய வேர்த்தால், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இருமல் இருந்தால், காசநோய்ச் சோதனை உட்படப் பலவும் செய்ய வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, நெஞ்சு படபடத்து, விரல் நடுங்கி, உடம்பு முழுக்க வேர்த்தால் தைராய்டு பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேர்ப்பது, திடீரென்று ஆரம்பிப்பது, புதிதாக ஒரு மாத்திரை தொடங்கியபின் வருவது, இவற்றையும் சொல்லாமல் விடாதீர்கள்.

ஒரு சோதனை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மைனர் என்ற மாஸ்கோ நரம்பியல் மருத்துவர் 1928-இல் எழுதியது. கையில் அயோடின் பூசிக் காயவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவைத் தூவுவோம். வியர்வை பட்ட இடமெல்லாம் கருநீலமாகும். பள்ளிக்கூடத்தில் கஞ்சித் தண்ணீரில் அயோடின் விட்டுப் பார்த்த அதே நிறம்தான். தன் உள்ளங்கை கறுத்து வருவதைப் பார்த்து, "அப்ப நான் சும்மா சொல்லலைதானே டாக்டர்?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

மருத்துவத்துக்கு வருகிறேன். முதல் படி அலுமினியம் குளோரைடு கரைசல். கடையில் வாங்கும் வாசனை ஸ்ப்ரே வேறு. அது நாற்றத்தை மறைக்கும், வியர்வையை நிறுத்தாது. இந்தக் கரைசல் வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும். படிகாரமும் ஒரு அலுமினிய உப்புதான், ஆனால் இதற்கு ஈடாகாது. இரவில், வியர்வை அடங்கிய பிறகு, நன்றாகக் காய்ந்த தோலில் தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரத்தோலில் தடவினால் எரியும். சவரம் செய்த அன்று அக்குளில் தடவினாலும் எரியும். எரிகிறது என்று இரண்டே நாளில் தூக்கிப் போடும் பிள்ளைகள்தான் அதிகம். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பாதித் தோல்விகளைத் தவிர்க்கலாம் என்பது என் அனுபவம்.

கைக்கும் காலுக்கும் எனக்கு அதிக நம்பிக்கை அயன்டோபோரசிஸ் மேல். இரண்டு தட்டுகளில் குழாய்த் தண்ணீர். கைகளை அதில் வைத்ததும் மிகக் குறைந்த மின்னோட்டம் செலுத்துவோம். 15 முதல் 20 மில்லி ஆம்பியர். இருபது முப்பது நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், சில வாரங்கள். வேர்வை குறைந்ததும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகலாம். 1968-இல் லெவிட் என்ற மருத்துவர் இதற்கு ஓர் எளிய கருவியை விவரித்து எழுதினார். இன்றும் அடிப்படை அதேதான். "கரண்ட்" என்றதும் பிள்ளைகள் மிரளுவார்கள். சுறுசுறுவென்று எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்ற வேண்டும். கீறல் இருந்தால் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகத் தகடோ இருந்தால், வலிப்பு நோய் இருந்தால், கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். வீடியோ பார்த்து வீட்டு அடாப்டரில் கம்பி இழுத்துத் தண்ணீரில் கை வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். உயிர் போகும்.

சுரப்பிக்குப் போகும் உத்தரவைத் தடுக்கும் பூச்சுகளும் வந்துவிட்டன. அக்குள் வியர்வைக்காக, 9 வயது முதல் பயன்படுத்தத்தக்க கிளைகோபைரோனியம் துடைப்பானுக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதே வகை மாத்திரைகளும் உண்டு. அவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மாத்திரை உடம்பு முழுக்க வியர்வையைக் குறைக்கும்; வாய் உலரும், மலம் கட்டும், பார்வை மங்கலாகலாம். சித்திரை வெயிலில் கபடி ஆடும் பையனுக்கு வேர்க்கவில்லை என்றால் உடம்பு கொதித்து வெப்பத்தாக்கு வரும். எங்கள் கண்காணிப்பு இல்லாமல், மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கிப் போடக் கூடாது.

போட்டாக்ஸ் ஊசி சில மாதங்களுக்கு நல்ல பலன் தரும். விலை அதிகம், உள்ளங்கையில் வலியும் அதிகம். அறுவை சிகிச்சை என்றால் மார்புக்குள் ஓடும் நரம்புச் சங்கிலியைத் துண்டிப்பது. கை அன்றே காய்ந்துவிடும். அதன்பின் பலருக்கு முதுகும் வயிறும் தொடையும் ஊற்றெடுப்பது போல வேர்க்கத் தொடங்கும். துண்டித்ததைத் திரும்ப ஒட்டவைக்கும் நம்பகமான வழியும் இல்லை. நம் வெயிலில் நாளுக்கு மூன்று சட்டை மாற்றும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. மற்ற எல்லாவற்றையும் முறையாகச் செய்து பார்க்காமல் பதினாறு வயதில் இந்த முடிவுக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நனைந்த விடைத்தாளைத் தூக்கிக் காட்டி யாரையும் கேட்காதீர்கள். கைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து எழுத அனுமதியுங்கள்; மின்விசிறிக்குக் கீழே இடம் கொடுங்கள்; கைகோத்து நிற்க வேண்டிய நிகழ்ச்சிகளில் வற்புறுத்தாதீர்கள். சான்று தேவையென்றால் எழுதித் தருகிறோம். பெற்றோர்கள் மார்ச் மாதத்தில் ஓடி வராதீர்கள். பொதுத்தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்களால் அதிகம் செய்ய முடியாது. ஜூனில், பள்ளி திறந்ததும் வாருங்கள். பூச்சு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்ததைச் செய்ய அவகாசம் இருக்கும். முதல் மருந்து பலிக்கவில்லை என்பதோடு நிறுத்திவிடும் குடும்பங்கள் ஏராளம். அடுத்த படி இருக்கிறது என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன பெண்ணுக்குக் கரைசல் பலிக்கவில்லை. அயன்டோபோரசிஸ் தொடங்கினோம். பள்ளி விட்டு வருவாள். பேருந்து நிலையத்திலிருந்து அப்பா அழைத்து வருவார். தோளில் எப்போதும் துண்டு போட்டிருப்பார், பேசும்போது துண்டின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பார். நாலாவது வாரம் அவள் சீருடையோடு வந்து ஒரு தேர்வுத்தாளை என் மேசையில் வைத்தாள். மதிப்பெண்ணைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். "எழுத்தைப் பாருங்க டாக்டர்" என்றாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எங்கும் கலங்கவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் நின்றார். மகள் வெளியே போனதும் துண்டிலிருந்து கையை எடுத்து என் முன்னால் விரித்துக் காட்டினார். நாற்பத்தெட்டு வயது. "எனக்கும் பார்க்கலாமா டாக்டர்?" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கூட்டம் முடிந்ததும் நான் கொஞ்ச நேரம் இங்கேதான் இருப்பேன். கேட்க வேண்டியவர்கள் வரலாம். தனியாகப் பேச வேண்டும் என்றால் பக்கத்து அறை திறந்திருக்கிறது.